ஒளிநாடாவும் இறுவட்டும்: சில எண்ணங்கள்

பழையதைப் புதியதிற் பெயர்த்து வைக்கும் தொழில் தமிழருக்குப் புதிதன்று. ஏடு செல்லரித்துப் போகுமுன் அதனைப் பிறிதோர் ஏட்டிற் பெயர்த்தெழுதியே நம்மவர் நூல்களைக் காத்தனர். பழுதுற்ற ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களைப் பற்றி உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் நொந்து கூறுவார். மூல ஏடு போனால், பெயர்த்தெழுதியவன் கண்ணுக்குத் தப்பிய சொல் யாதென அறியும் வழியும் அதனோடு போய்விடும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஒரு படியோடு அமையாது பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியதன் பொருத்தத்தை, எங்கள் வீட்டு ஒளிநாடாக்களை இறுவட்டில் ஏற்ற முனைந்தபோதே நான் நன்குணர்ந்தேன்.

அதற்குத் துணைசெய்தது ஓர் இரட்டைப் பொறி. ஒரு புறம் வீ.எச்.எஸ். நாடாவை ஓட்டும் வாய். மறுபுறம் டீவீடி வட்டில் எழுதும் தட்டு. நாடாவையும் வெற்று வட்டையும் இட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் இங்கிருப்பது அங்கு செல்லும். கணினி அறிவு வேண்டியதில்லை. 2000 களில் பெருகி விற்கப்பட்ட இத்தகைய பொறிகளுள் ஒன்றைப் பழைய பொருளாக வாங்கி, 2018 இல் லண்டனிலிருந்து அண்ணா கொண்டுவந்தார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 2016 யூலையில், ஜப்பானின் புனாய் நிறுவனம் நாடாப் பொறி செய்வதை நிறுத்திவிட்டது; 1976 இல் ஜே.வி.சி. தொடக்கிவைத்த வீ.எச்.எஸ். நாடாவுக்கு அதன்பின் புதுப்பொறி செய்வார் எவருமில்லை. நாடா பழுதாகாமல் இருந்தாலும் அதனை ஓட்டும் பொறி இல்லாதொழியும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. ஏட்டுக்குக் கண் ஒன்றே போதும். நாடாவுக்கு, நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் உருளையும் அதிற் பதித்த நுண்ணிய முனைகளும் வேண்டும்.

எங்கள் நாடாக்களுள் முதன்மையானது 1989 இல் நடந்த சின்னம்மாவின் திருமணம். வலிகாமம் வடக்கில் எமக்கிருந்த வீட்டின் முற்றத்திலே பந்தலிட்டு நடந்தது. அடுத்த ஆண்டு அவ்வூரை விட்டெழுந்தோம். அவ்வீடு இன்று இல்லை. அதன் கிணற்றடியையும் கிடுகு வேலியையும் காட்டும் படம் இந்நாடாவையன்றி வேறொன்றும் எம்மிடம் இல்லை. ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருந்தபடியே அது எம்முடன் இடம்பெயர்ந்தது. 1990 க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் அற்றிருந்த ஆண்டுகளில், அயலார் மின்பிறப்பாக்கியை இயக்கி ‘டெக்’ போட்ட ஓரிரு இரவுகளில், சினிமாப் படம் முடிந்தபின் இதனையும் அரைமணி நேரம் ஓட்டுவார்கள். 1995 ஒக்ரோபரில் தென்மராட்சிக்கு நடந்தபோதும் ரின் கூடவே வந்தது. எமது ஈரக் காற்றில் நாடாவின் விளிம்பில் வெண்பூஞ்சணம் படர்தல் இயல்பு. அவ்வாறு படர்ந்ததைப் பொறியில் இட்டால் முனை அடைபடுவதோடு அடுத்து இடும் நாடாவுக்கும் அது தொற்றும். ரின்னின் மூடி இறுக்கமாயிருந்த ஒரே காரணத்தால் எங்கள் நாடா தப்பியது போலும்.

இதன் படியொன்று அக்காலத்திலேயே ரொறன்ரோவிலுள்ள மாமாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கு அது ஓடவில்லை. இலங்கையின் தொலைக்காட்சி முறை ‘பால்’ எனப்படுவது (அருந்தும் பாலன்று). 625 கோடுகளாலானது, வினாடிக்கு 25 சட்டங்கள். கனடாவின் அக்கால முறையோ 525 கோடுகள், ஏறத்தாழ 30 சட்டங்கள். தங்கையின் திருமணத்துக்கு வர முடியாதவர், அதனைக் கண்ணாற் காண முயன்றபோது திரையில் உருண்டோடும் பட்டைகளையே கண்டார். அந்நாளில் வெளிநாடு சென்ற எத்தனை திருமண நாடாக்கள் இவ்வாறு ஊமையாய்க் கிடந்தனவோ! பல ஆண்டுகளின் பின் அவர் ஒரு கடையிற் கொடுத்து அதனை வட்டாக மாற்றுவித்தார். மூன்று மணிநேரப் பதிவு அங்கே நாற்பது நிமிடமாயிற்று. தாலிகட்டு, ஆராத்தி, மாலை மாற்றல், குடும்பப் படங்கள். ‘தேவையில்லாதது எல்லாத்தையும் வெட்டியாச்சு, இது போதும்’ என்று எமக்கும் ஒரு வட்டு அனுப்பினார்.

அவர் வெட்டுவித்த பகுதிகள் யாவை? வீடியோக்காரர் கமராவைத் தோளில் வைத்தபடி இடம் மாறிய நேரங்கள். அதனை நிறுத்த மறந்து சோடா குடித்த நேரங்கள். அவற்றிலேதான் கிணற்றடியில் அண்டா கழுவும் பெண்களும், வேலிப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்க்கும் அயற்பிள்ளைகளும், பந்தற்காலில் சாய்ந்து சுருட்டுப் பற்றவைக்கும் ஒரு முதியவரும் உளர். தாலிகட்டு எந்தத் திருமணத்திலும் தாலிகட்டுத்தான். ஆகவே முழுவதையும் ஏற்றுவதெனத் துணிந்தேன். வட்டொன்றில் ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி எனப் பல அளவுகளிற் பதியலாம். நேரம் நீள நீளப் படம் கூழாகும். பழைய நாடாவில் எங்கும் சிதறிக் கிடக்கும் இரைச்சற் புள்ளிகளையும் பொறி படத்தின் பகுதியென்றே கருதி அவற்றுக்கும் இடம் ஒதுக்கும். அதனால் உருவங்களுக்கு இடம் குறையும். ஒரு மணி அளவையே தெரிந்து மூன்று வட்டுகளை எடுத்துவைத்தேன்.

பதிவு தொடங்கியதும், மணமகள் மணவறைக்கு வரும் இடத்தில் எந்நாளும் ஒலிக்கும் சினிமாப் பாட்டுக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகச் சனங்களின் பேரிரைச்சல், தூரத்தே தவில், கதிரை இழுபடும் ஓசை. பழுதென்றே முதலில் எண்ணினேன். அப்போது கமராவுக்கு மிக அண்மையில் ஒரு கிழவியின் குரல் எழுந்தது: ‘உந்தப் பிள்ளையள் சாப்பிட்டிட்டுதுகளோ? ஆரும் பாத்தனியளோ?’ குசினிக்குள் நின்ற அம்மா கரண்டியும் கையுமாக வந்து வாசலில் நின்றார். அது அம்மம்மாவின் குரல். அவர் 1993 இற் காலமானார். அவருடைய படங்கள் இரண்டொன்று உண்டு. குரல் எங்கும் இல்லையென்றே இருந்தோம்.

நிகழ்ந்தது இதுதான். வீ.எச்.எஸ். நாடாவில் ஒலி இரண்டிடங்களிற் பதியப்படலாம். ஒன்று நாடாவின் விளிம்பில் நேர்கோடாகச் செல்லும் பழைய தடம். நாடா வினாடிக்கு 2.3 சென்ரிமீற்றர் அளவே நகர்வதால் அதன் ஒலி சாதாரண ஒலி நாடாவினுந் தாழ்ந்தது. மற்றையது 1980 களின் நடுப்பகுதியில் வந்த ‘ஹைபை’ தடம். அது படத்தோடு சேர்த்துச் சுழலும் முனைகளாலேயே எழுதப்படும். விளிம்புத் தடத்தைப் பின்னர் அழித்து வேறொலி இடலாம். ஹைபை தடத்தைத் தொட்டால் படமும் அழியும். எங்கள் வீடியோக்காரர், அக்கால வழக்கப்படி, திருமணம் முடிந்தபின் சினிமாப் பாட்டுகளை இட்டது விளிம்புத் தடத்திலே. எம்மவரிடம் இருந்த டெக்குகள் யாவும் விளிம்புத் தடத்தை மட்டுமே வாசிக்கும் எளிய பொறிகள். ஆதலால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பாட்டையே கேட்டோம். இரட்டைப் பொறியோ ஹைபை தடத்தை முதலில் நாடும் இயல்புடையது. நாடா கசங்கிய இடங்களில் அத்தடம் வலுவிழக்க, பொறி தானாகவே விளிம்புத் தடத்துக்குத் தாவிற்று. அம்மம்மா ஒரு வாக்கியத்தைத் தொடங்க, நடுவில் ஒரு பாட்டின் பல்லவி புகுந்து, மீண்டும் அம்மம்மா அதனை முடிப்பார். அம்மாவுக்கு அதுவும் குறையாகப் படவில்லை. முதல் வட்டு முடிந்ததும் அந்த இடத்தை நான்கு முறை போடச் சொல்லிக் கேட்டார், ஒன்றும் பேசவில்லை.

மாமாவின் வட்டில் இக்குரல் இல்லை. மாற்றிக் கொடுத்த கடைக்காரர் கேட்ட ஒலியும் பாட்டே. அவர் தம் தொழிலை ஒழுங்காகவே செய்தார். படியெடுப்பவன் தனக்குக் கேட்டதையே எடுப்பான். வட்டு வந்துவிட்டதென்று நாம் நாடாவைக் குப்பையில் இட்டிருந்தால் இக்கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இரண்டாம் மணிநேரத்தின் நடுவே பொறி திடீரென நின்று, இது படியெடுக்கத் தடைசெய்யப்பட்ட நாடா என்று திரையில் அறிவித்தது. வணிகப் படங்களைப் படியெடாதபடி அவற்றின் ஒத்திசைவுக் குறிகளிற் சில மாற்றங்களை இடுவர். முதுமையால் அக்குறிகள் குலைந்த வீட்டு நாடாவையும் பொறி அவ்வாறே மயங்கி எண்ணுவதுண்டு. சின்னம்மாவின் கலியாணத்துக்கு இந்தியாவிற் படமெடுத்த பெருநிறுவனங்களுக்குரிய காவல்! சற்று முன்னோக்கி ஓட்டி மீளத் தொடங்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் வட்டிலேதான் சங்கடம் காத்திருந்தது. கமரா பந்தலின் தோரணத்தைக் காட்டிக்கொண்டிருக்க, படத்துக்கு வெளியே இரு பெரியவர்கள் சீதனக் காணி குறித்துத் தாழ்ந்த குரலில் தொடங்கி உரத்த குரலில் முடிக்கிறார்கள். விளிம்புத் தடத்தில் அவ்விடத்துக்கு மிக நீண்ட பாட்டொன்று இடப்பட்டிருந்தது. வீடியோக்காரர் அறிந்தே மூடினார் என்று நான் கருதுகிறேன். பேசிய இருவரும் இன்று இல்லை. அவர்தம் பிள்ளைகள் இருக்கிறார்கள், எம்மோடு கொண்டாடுகிறார்கள். தாம் பதிவாவதை அறியாது பேசியவர்களின் சொல்லை, அறிந்து மூடியவரின் திரையை விலக்கி, ஊருக்கெல்லாம் படியாக்கிக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டா? முழுமையே வேண்டுமென்று மாமாவோடு வாதிட்டவன் நான். ஆயினும் அவ்விடத்தை நீக்க வேண்டுமென அம்மா சொன்னபோது உடனே மறுமொழி கூற இயலவில்லை. காப்பது வேறு, பரப்புவது வேறு என்ற முடிவுக்கே இறுதியில் வந்தேன். முழு வட்டுகள் மூன்றையும் சின்னம்மாவிடம் கொடுத்தேன், திருமணம் அவருடையது. அவர் தனியே இருந்து கேட்டார். பின்பு, ‘எனக்கு அண்டைக்கே தெரியும். இருக்கட்டும், வெட்டாதை. ஆனா மற்றவைக்கு பாட்டோடையே குடு’ என்றார். உறவினருக்கு விளிம்புத் தடத்தின் ஒலியோடு வேறொரு தொகுதியும், அம்மம்மா பேசும் இடங்களை மட்டும் தனியாகவும் எடுத்துக் கொடுத்தேன். அம்மம்மாவின் குரலைக் கேட்ட மாமா, தம் பழைய வட்டைப் பற்றி அதன்பின் ஒன்றும் சொன்னதில்லை.

வட்டு நிலையானதென்று நான் நம்பவில்லை. வீட்டில் எழுதும் வட்டில் இருப்பது ஒளிக்கதிராற் சுடப்படும் ஒரு சாயப் படலம். வெயிலும் வெக்கையும் அதனைக் கெடுக்கும். நாடா மறப்பது சிறிது சிறிதாக: நிறம் மங்கும், கோடு விழும், குரல் கரகரக்கும், ஆயினும் ஆளை அடையாளங் காணலாம். வட்டோ ஒருநாள் முழுதும் தெளிவாயிருந்து மறுநாள் ஒன்றுமே காட்டாது நிற்கும். ஆகையால் வட்டுகளிலுள்ளதை மாற்றமின்றிக் கணினித் தட்டுகள் இரண்டில் ஏற்றி, ஒன்றை லண்டனில் அண்ணாவிடம் வைத்திருக்கிறேன். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது சுவடிகளும் சாம்பராயின என்பதை அறிந்த எவரும் ஒரே இடத்தில் ஒரே படியை வைத்து உறங்கமாட்டார்.

நாடா மீண்டும் ரின்னுக்குள் இருக்கிறது. ரின்னில் இன்னும் இரண்டு உண்டு: ஒன்று பெரியம்மாவின் மகளுடைய சாமத்தியச் சடங்கு, மற்றையதில் பெயரொட்டி இல்லை. பொறியின் நாடாப் பகுதியில் பட்டி தளர்ந்து, ஓட்டத்தின்போது இப்பொழுது ஒரு முனகல் கேட்கிறது. பழைய டெக் திருத்துபவர் ஒருவர் கண்டியில் இருப்பதாகச் சொன்னார்கள். தவணை விடுமுறையில் அதனைக் கொண்டுபோக எண்ணியிருக்கிறேன்.