இருபது கிளிக்

“காலை எடுங்க டாக்டர், காலை எடுங்க!”

கார் முழுசாக நிற்கக்கூட இல்லை. கையை ஆட்டிக்கொண்டே ஓடினார் ஒருவர். ஓட்டி வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. பயத்தில் பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தார். ஒரு பையன் பாய்ந்து போய்ப் பின்சக்கரத்துக்கு மரக்கட்டையை அண்டக் கொடுத்தான். “இப்ப விடுங்க. பார்க்கிங் பிரேக்கும் போடக் கூடாது.” முன்சக்கரங்களின் கம்பிகளுக்கிடையிலிருந்து வெள்ளையாகப் புகை கசிந்தது. குக்கர் கைப்பிடி அடுப்பில் தீய்ந்தால் வருமே, அதே வாடை. இது வெறும் உவமை இல்லை. குக்கர் கைப்பிடியிலும் பிரேக் பேடிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே வகைப் பிசின்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், கார்ப் பந்தயத் திடலின் பிட் ஓரம் நின்றிருந்தேன். ஒரு காலத்தில் சென்னைக்காரர்கள் ரேஸ் பார்க்கச் சோழவரம் போவார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1990-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கே இந்தத் திடலைத் திறந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். ரேஸ் இல்லாத சில நாட்களில் சொந்தக் காரைக் கொண்டுவந்து விரட்டிப் பார்க்கலாம். அதற்கு ‘டிராக் டே’ என்று பெயர்.

நான் போனது காரைப் பார்க்க அல்ல, அந்தக் கத்தலுக்குச் சொந்தக்காரரைப் பார்க்க. புதுப்பேட்டையில் தொழில் கற்றவர். பிறகு ஒரு ரேஸ் டீமுக்குப் பல வருஷம் டயர் தூக்கியவர். இப்போது சக்கரம், டயர், பிரேக் மூன்றை மட்டும் பார்க்கிறார். இன்ஜினைப் பற்றிக் கேட்டால், “அது வேற ஆளு சார்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வண்டி 718 கேமன், போர்ஷே. இன்ஜின் சீட்டுக்குப் பின்னால். ஓட்டுபவர் பல் மருத்துவர். இரண்டு மாதம் முன்பு அவர் போன் செய்து 20 இன்ச் வீலும் மஞ்சள் நிறத்தில், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற பெரிய காலிபரும் வேண்டுமென்று கேட்டிருக்கிறார். “முதல்ல ஒரு நாள் இருக்கிறதை வச்சு ஓட்டுங்க. எதை மாத்தணும்னு வண்டியே சொல்லும்” என்று இவர் நிறுத்திவைத்துவிட்டார். வியாபாரம் தெரியாத மனிதர் என்று முதலில் நினைத்தேன்.

காலை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஐந்தாறு சுற்று அடித்துவிட்டு வந்த டிஸ்க் அடுப்புக் கல் மாதிரி கொதிக்கும். நின்ற இடத்தில் பிரேக்கை மிதித்தால் பேடு அந்த ஒரே இடத்தில் ஒட்டி, தன் சரக்கைக் கொஞ்சம் அங்கே அப்பிவிட்டு வரும். மறுநாள் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறும். ‘டிஸ்க் வளைஞ்சுபோச்சு’ என்று சொல்லிப் புது டிஸ்க் விற்பார்கள். “வளையலை சார், கறை புடிச்சிருக்கு. அவ்ளோதான்.”

“கடைசிச் சுற்றுல பெடல் கீழே போச்சு” என்றார் டாக்டர். குரலில் லேசான நடுக்கம். “மிதிச்சா பஞ்சு மாதிரி.”

“பிரேக் ஆயில் எப்ப மாத்தினீங்க?”

பதில் இல்லை. அதுவே பதில்.

அதை எண்ணெய் என்று சொல்கிறோமே தவிர, தண்ணீரை இழுக்கிற திரவம் அது. சென்னைக் கடற்காற்றில் கேட்க வேண்டியதில்லை. புது டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே அளவு இறங்கிவிடுகிறது. கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி. திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். கால் மிதிக்கிற பலமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். காலிபருக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? ஆளோடு சேர்த்து 1500 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 180 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டியை ஒரு வளைவுக்காக 72-க்கு இறக்கினால், அந்தச் சில விநாடிகளில் பிறக்கும் சூடு ஐந்து லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு வளைவுக்கு ஒரு குடம் வெந்நீர் இல்லாவிட்டாலும் ஒரு குண்டான் வெந்நீர். ஒரு சுற்றில் பெரிய பிரேக் நான்கைந்து வந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

சக்கரம் ஆறியதும் கழற்றினார்கள். காலையில் டிஸ்கின் விளிம்பில் அவர் மூன்று பட்டை பூசியிருந்தார்: பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. சூட்டுக்கு நிறம் மாறும் பெயின்ட். பச்சை 430 டிகிரியில் வெளுக்கும், ஆரஞ்சு 560-இல், சிவப்பு 610-இல். குனிந்து பார்த்தோம். பச்சையும் ஆரஞ்சும் போய்விட்டன. சிவப்பு அப்படியே இருந்தது. “ரெண்டுக்கு நடுவுல நிக்குது. ரோட்டு பேடு இதுக்கு ரொம்ப முன்னாடியே கையை விரிச்சிடும்.” பேடின் ஓரம் சாம்பல் பூத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

கேமனின் டிஸ்கில் கம்பெனியே துளை போட்டிருக்கிறது. அந்தத் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் கிளம்பும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு துளையாக விரல் நகத்தால் வருடினார். நகம் மாட்டாவிட்டால் ஓடலாம், மாட்டினால் டிஸ்க் குப்பைக்கு. டாக்டர் ஆர்வமாகப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “நாங்களும் இப்படித்தான், கம்பியால தேடுவோம்” என்றார். அன்று காலையிலிருந்து அவர் முகத்தில் முதல் சிரிப்பு.

பிறகு பிரேக்கிலிருந்து ஏர் எடுத்தார்கள். பையன் உள்ளே, இவர் காலிபரடியில். நிப்பிளில் உள்ளே தெரிகிற குழாய், குழாயின் மறுமுனை பாட்டிலில்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேன்ணா.”

“புடி… புடி… விடு.”

தேன் நிறத்தில் இருக்க வேண்டியது காப்பி டிகாஷன் நிறத்தில் வந்தது, இடையிடையே முத்து முத்தாகக் குமிழி. ஒவ்வொரு காலிபருக்கும் இரண்டு நிப்பிள், ஆக எட்டு. அரை மணி நேரத்துக்கு ‘அமுக்கு, புடி, விடு’ தவிர வேறு பேச்சில்லை. ஏற்றம் இறைப்பவர்கள் பாடுவது போல அதற்கென்று ஒரு தாளம் வந்துவிட்டது. புதிதாக ஊற்றியது 300 டிகிரிக்கு மேல் தாங்குகிற ரேஸ் திரவம். பேடும் டிராக்குக்கானது. “ரோட்டுல இது கத்தும், டாக்டர். பூந்தமல்லி சிக்னல்ல எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. காலைல முதல் பிரேக் சரியாப் புடிக்காது. சூடேறினாத்தான் இதுக்கு வேலை.” வீட்டுக்குப் போகும்போது பழைய வகைப் பேடையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம். அதற்கு அரைமணி நேர வேலைதான்.

புதுப் பேடைப் பழக்குவதும் ஒரு சடங்கு. 100-லிருந்து 30-க்கு, நிற்காமல், எட்டுப் பத்துத் தடவை. பிறகு பிரேக்கே தொடாமல் ஒரு சுற்று. பேடின் சரக்கு டிஸ்க் முழுவதும் சீராக ஒரு படலமாகப் படிய வேண்டும். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பெரிய காலிபர் விஷயத்தை டாக்டர் விடவில்லை. எனக்கும் கேட்க ஆசைதான். டிஸ்க் பெரிதானால் வண்டி சீக்கிரம் நிற்காதா? “இப்பவே முழுசா மிதிச்சா ஏ.பி.எஸ். உதைக்குதில்ல? அப்படின்னா பிரேக்குக்குத் தெம்பு இருக்கு, டயருக்குத்தான் இல்லை” என்றார். தரையைப் பிடித்திருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர். பெரிய பிரேக் தருவது வேறொன்று: அதிகச் சூட்டை வாங்கிக்கொள்ள அதிக இரும்பு. இருபது சுற்று விடாமல் ஓட்டுகிறவருக்கு அது வேண்டும். ஐந்தாறு சுற்றில் வியர்த்துக்கொண்டு வருகிறவருக்குத் திரவமும் பேடும் போதும். முன்னால் மட்டும் பெரிதாகப் போட்டால் பின்பிரேக் சும்மா இருக்கும் என்கிற சிக்கல் வேறு. மஞ்சள் நிறத்துக்கு போர்ஷேயில் ஒரு பொருள் உண்டு: டிஸ்க் இரும்பல்ல, கார்பன் செராமிக், எடை ஏறக்குறைய பாதி. வெறும் இரும்பு டிஸ்குக்கு மேல் மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொள்வது பட்டம் வாங்காமல் பெயர்ப்பலகை மாட்டுவது போலத்தான். அதை டாக்டரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சக்கரத்துக்கு வந்தார். மீன் கடைகளில் பார்க்கிற மாதிரித் தொங்கு தராசு ஒன்றை எடுத்து ரிம்மை மாட்டினார். வண்டியோடு வந்த 18 இன்ச் பின்ரிம் பத்தரைக் கிலோ சொச்சம். அவர் வைத்திருந்த, அடித்து உருவாக்கிய 18 இன்ச் ரிம் எட்டரை. வார்த்த ரிம்மில் உலோகத்தை ஊற்றுகிறார்கள்; இதை அழுத்தி அடித்து இறுக்குகிறார்கள். அதனால் மெல்லிசாக இருந்தாலும் பலம். சக்கரத்தில் இரண்டு கிலோ குறைவது டிக்கியில் இரண்டு கிலோ குறைவது போல அல்ல. அது சுழல்கிற எடை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை. 20 இன்ச்சுக்குப் போனால் எடையும் கூடும், டயரின் பக்கச்சுவரும் கம்மியாகும். கண்ணுக்கு அழகு, ஓட்டத்துக்கு நஷ்டம்.

ரிம்மை நிறுத்தி ஸ்பேனர் பிடியால் மெல்லத் தட்டினார். கணீரென்றது. சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பது போல. வெடித்திருந்தால் சத்தம் செத்திருக்குமாம்.

போல்ட்டையும் காட்டினார். போர்ஷே ரிம்மில் போல்ட் உட்காருகிற குழி உருண்டை. வெளியில் வாங்கும் ரிம்கள் பலவற்றில் அது கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பு போல்ட்டை முடுக்கினால் முறுக்கம் சரியாகக் காட்டும். உள்ளே ஒரு கோடு மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். எனக்குச் சுருக்கென்றது. சில வருஷம் முன்பு என் சின்னக் காருக்கு ஒரு கடையில் ஆசையாக அலாய் போட்டேன். 80-ஐத் தாண்டினால் வண்டி உதறும். மூன்று தடவை பேலன்சிங் செய்து காசு வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் வேறொரு மெக்கானிக், ரிம்மின் நடு ஓட்டை என் வண்டியின் ஹப்பைவிடப் பெரியது, இடையில் வளையம் போடவே இல்லை என்று கண்டுபிடித்தார். கதையைக் கேட்டு இவர் சிரிக்கவில்லை. “பிளாஸ்டிக் வளையம் போட்டிருந்தாலும் இங்க உருகிடும். அலுமினியம் வேணும்” என்று மட்டும் சொன்னார்.

டயருக்கு அவர் அதிக நேரம் கொடுத்தார். நானும் கொடுக்கலாம், ஆனால் முக்கியமானது சிறிதுதான். டாக்டர் இணையத்தில் மலிவாக வாங்கி வந்திருந்த ஒரு ஜோடி செமி-ஸ்லிக்கைப் புரட்டி, பக்கச்சுவரில் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். ஆறு வயசு டயர். பள்ளம் புதுசாக இருந்தாலும் ரப்பர் இறுகிவிட்டது. நகத்தை அழுத்தினார், தடமே விழவில்லை. ஓரமாக வைத்துவிட்டுத் தன்னிடமிருந்த பழக்கப்பட்ட செட்டை மாட்டினார். குளிர்ந்த நிலையில் 28 காற்று. ஆறு சுற்று முடிந்து வந்தபோது 34. உஸ்ஸென்று இரண்டு இறக்கினார். ஊசி போன்ற வெப்பமானியை முன்டயரில் மூன்று இடத்தில் குத்தினார்: வெளி ஓரம் 104, நடுவில் 92, உள்ளே 81. வளைவில் டயர் வெளித்தோளின் மேல் உருள்கிறது என்று பொருள். அகலமான டயர் வேண்டாம். சக்கரத்தின் மேல்பக்கம் இன்னும் கொஞ்சம் உள்ளே சாய்ந்தால் போதும். அலைன்மென்ட் கடையில் முடிகிற வேலை.

எனக்கு ஒரு யோசனை உறுத்திக்கொண்டே இருந்தது. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி 1946-இல் பலூன் செய்யத் தொடங்கியது திருவொற்றியூரில். வீல்ஸ் இந்தியாவும் பிரேக்ஸ் இந்தியாவும் பாடியில், 1960களின் தொடக்கத்திலிருந்து. டயர், சக்கரம், பிரேக் மூன்றுமே இந்த ஊர்த் தொழில்தான். ஆனால் அன்று அந்த வண்டிக்கு அவர் மாட்டிய ஒவ்வொன்றும் கப்பலில் வந்தது. “லாரிக்கும் பஸ்ஸுக்கும் பண்றாங்க சார். இதுக்கு எத்தனை பேர் இருக்காங்க, சொல்லுங்க?” நியாயம்தான்.

நாலரை மணிக்கு மேற்கே கருத்தது. செமி-ஸ்லிக்கில் பள்ளம் பேருக்குத்தான் இருக்கும். மழைத் தண்ணீரில் அது சறுக்குப் பலகை. ரோட்டுச் சக்கரங்களைத் திரும்ப மாட்டச் சொன்னார். இரண்டாவது செட் ரிம்முக்கு டாக்டர் அட்வான்ஸ் கொடுத்தது அப்போதுதான், 18 இன்ச். காலிபரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் எடுக்கவில்லை.

ஒரு சக்கரத்துக்கு ஐந்து போல்ட். டார்க் ரெஞ்ச் 160-இல். எதிரெதிராக, நட்சத்திரம் போடுவது போல. ஒவ்வொரு ‘கிளிக்’குக்கும் பையன் உரக்க எண்ண வேண்டும் என்பது அவர் விதி. தூறல் விழத் தொடங்கியது. டாக்டர் குடையைத் தேடினார். பையன் வேகமாக எண்ணிக்கொண்டே சுற்றி வந்தான்.

“…பதினெட்டு, பத்தொம்பது. முடிஞ்சுதுண்ணா.”

“எத்தனை?”

பையன் வாயைத் திறந்து மூடினான். இவர் ஒன்றும் சொல்லாமல் ரெஞ்சை வாங்கி, முதல் சக்கரத்தின் முன்னால் போய் ஈரத்தரையில் மண்டியிட்டார்.

“ஒண்ணு.”