மாற்றுச் சான்றிதழ்

பிரிவைப் பற்றித் தமிழிலக்கியம் பேசிய அளவிற்கு வேறெதனைப் பற்றியும் பேசியிருக்குமா என்பது ஐயமே. கல்வியின் பொருட்டும், போரின் பொருட்டும், தூதின் பொருட்டும், பொருள் தேடும் பொருட்டும் நிகழும் பிரிவுகளைத் தொல்காப்பியர் வகுத்துரைத்தார். இவற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் எனக்கு, கூடைப்பந்தின் பொருட்டு நிகழ்ந்த ஒரு பிரிவை எவ்வகையுள் அடக்குவது என்பது இன்றுவரை விளங்கவில்லை.

இக்கல்லூரிக்கு வருமுன் நம் மாவட்டத்துச் சிறிய கல்லூரி ஒன்றில் பணியாற்றி வந்தேன். அங்கு 2018 ஜூனில் இளங்கலைத் தமிழ் முதலாண்டில் ஒரு மாணவன் சேர்ந்தான். சிவகாசிக்கு அருகிலுள்ள சிற்றூரினன்; ஆறடிக்கு மேல் உயரம். பள்ளி நாள்களிலேயே, பெரியகுளத்தில் கோடைதோறும் நடைபெறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைக் காண்பதற்காகப் பேருந்து மாறி மாறிச் சென்று, இரவெல்லாம் விழித்திருந்து திரும்புவானாம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணியினரின் ஆட்டத்தைப் பற்றி அவன் பேசத் தொடங்கினால் யாப்பிலக்கண வகுப்பு அன்றைக்கு நடவாது. ஐவர் ஆடும் ஆட்டத்தில் எங்கள் அணி அவன் ஒருவனையே நம்பியிருந்தது. அவ்வாண்டு மதுரையில் நடந்த கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில், பெயர் பெற்ற அணி ஒன்றை அவனால் வென்றோம்.

அதனால் வந்தது வினை! ஆட்டத்தைக் காண வந்திருந்த சென்னைக் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் அவனைத் தனியே அழைத்துப் பேசினார். கட்டணமில்லை, விடுதி, உணவு, காலணி அனைத்தும் இலவசம், ஆனால் மீண்டும் முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். ஓராண்டு வீணாகும் என்பதை அறிந்தே அவன் இசைந்தான். ரயில்வே, ஐ.சி.எப்., வங்கிகள் என விளையாட்டு வீரர்க்கு வேலை தரும் நிறுவனங்களின் அணிகள் சென்னையில் இருப்பதையும் அவன் அறிவான்.

மாற்றுச் சான்றிதழ் பெறுவதற்குத் துறையின் நிலுவையின்மைக் கையொப்பம் வேண்டும். அதனை இட வேண்டியவன் நான். “நீங்கள் சொன்னால் கேட்பான்” என்றார் உடற்கல்வி இயக்குநர். நானும் சொன்னேன். 1920களில் சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுச் சிவகாசிக்கே திரும்பி வந்ததை எடுத்துரைத்து, ஊருக்கு உழைப்பதன் பெருமையை விளக்கினேன். (அவர்கள் கல்கத்தாவிலேயே தங்கியிருப்பின் அக்கதையை எவரும் கூறார் என்பது எனக்கும் தெரியும்.) அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான்; முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்து நான் செய்தது சொல்லக் கூசுவது. துறை நூலகத்தில் அவன் எடுத்த நூலொன்று திரும்பவில்லை. விலை 120 ரூபாய். அதனைக் காட்டிக் கையொப்பத்தைப் பத்து நாள் நிறுத்திவைத்தேன். நூல் கிடைக்காவிடில் பணம் கட்டலாம் என்னும் விதியிருந்தும் அதனை நான் அவனிடம் கூறவில்லை. சென்னையில் சேர்க்கை முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் அவன் தாயார் வந்தார். பட்டாசு ஆலையில் சரம் பின்னும் தொழிலாளி. 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சரவெடிகளுக்கும் பேரிய உப்பு கலந்த பட்டாசுகளுக்கும் தடை விதித்தது. அதனால் அவர் கைத்தொழிலே இல்லாமற் போயிற்று. முந்தானையில் முடிந்திருந்த பணத்தை மேசைமேல் வைத்தார்.

“புத்தகக் காசு இருக்குய்யா. அங்க இவனுக்கு மூணு வேளையும் சோறு போடுறாங்களாம். தடுக்காதீங்கய்யா.”

கையொப்பமிட்டேன். பணத்தைத் திருப்பித் தர நான் முனைவதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

அவனைத் தடுத்தது கல்லூரியின் மேல் எனக்கிருந்த பற்று என்றே அதுகாறும் எண்ணியிருந்தேன். அன்றிரவு வேறொன்று நினைவுக்கு வந்தது. எம்.பில். முடித்த சில ஆண்டுகளில் சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து எனக்கும் அழைப்பு வந்தது. மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் கணக்கெழுதிய என் அத்தாவின் உடல்நலத்தைக் காரணம் கூறி மறுத்தேன். அத்தா, “போயிட்டு வா” என்றுதான் சொன்னார்கள். அஞ்சியவன் நான். போகத் துணிந்த பிள்ளையைக் கண்டு என்னுள் எழுந்ததற்குப் பொறாமை என்று பெயரிடுவதே நேர்மை.

அமெரிக்காவில் இதுவே இன்று பெருவழக்கம். அங்குக் கல்லூரி மாறும் கூடைப்பந்து வீரன் ஓராண்டு ஆடாதிருக்க வேண்டும் என்னும் விதி 2021இல் தளர்ந்தது. பெயரை விளம்பரத்திற்கு அளித்துப் பொருளீட்டவும் அவ்வாண்டே இசைவு கிடைத்தது. அதன் பின்னர்ச் சிறு கல்லூரிகள் பெரியவற்றிற்கு நாற்றங்கால்கள் ஆயின. ஐயோனா என்னும் சிறிய பல்கலைக்கழகத்தில் ஆடிய வால்டர் கிளேட்டன் 2023இல் புளோரிடாவுக்கு மாறி, 2025இல் அதனைத் தேசிய வாகையராக்கினார். கவனிக்கத்தக்கது மற்றொன்று: 2023இல் ஐயோனாவின் பயிற்சியாளர் ரிக் பிட்டினோவும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சென்றுவிட்டார். ஆசான் செல்லலாம், மாணவன் செல்லலாகாது என்பது என்ன நீதி? டேவிட்சன் என்னும் சிறு கல்லூரியிலேயே மூன்றாண்டும் ஆடி உலகப் புகழெய்திய ஸ்டீபன் கரியும் உண்டு. ஆனால் அவருடைய தந்தை தொழில்முறை ஆட்டக்காரர். சோற்றுக்காகக் கல்லூரி மாறும் நிலை அவருக்கில்லை.

நிற்க. சென்னை சென்றவன் பெரும் வீரனானானா என வினவுவீர்கள். பன்னிரண்டு பேர் அணியில் முதல் ஐவருள் அவனுக்கு இடம் கிட்டவில்லை. எங்கள் கல்லூரியில் நாற்பது நிமிடமும் ஆடியவன் அங்குப் பல நாள் பலகையில் அமர்ந்திருந்தான். பின்னர் வங்கி அணித் தேர்வுக்குச் சென்றான், கிடைக்கவில்லை. வருந்துகிறாயா என்று தொலைபேசியில் கேட்டேன். “இல்லைங்கய்யா. அங்க பயிற்சியில எனக்கு எதிரா ஆடுனவங்க எல்லாம் என்னைவிட நல்லா ஆடுனாங்க” என்றான். அதனை அவன் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பழைய அணியோ அவன் சென்ற ஆண்டில் முதற்சுற்றிலேயே தோற்றது.

சில திங்களுக்குப் பின் அவன் தாயார் வீடு வெள்ளையடித்தபோது பரணில் கிடைத்ததென்று அந்த நூலைக் கொண்டுவந்து தந்தார். 120 ரூபாயை நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். நூலகத்தில் சேர்க்க வேண்டும் என்று எண்ணி மேசையறையில் வைத்தேன்; மறந்துபோனேன். 2021இல் அக்கல்லூரியை விட்டு, அதனினும் பெரிய இக்கல்லூரிக்கு நான் வந்தபோது அந்நூலும் என் பெட்டியோடு வந்துவிட்டது. நிலுவையின்மைப் படிவத்தில் எவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. என் விடுவிப்பு ஆணையில் முதல்வர் அன்று மாலையே கையொப்பமிட்டுத் தந்தார்.