பேர் வெட்டின பாத்திரம்

பாண்டிச்சேரி டவுனில் பழம்பொருள் விற்கிற கடைகள் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பீங்கான் தட்டு, சைகோனுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த கிண்ணம், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த வெண்கலப் பானை, ஈயச்சொம்பு எல்லாம் தூசி தட்டி அடுக்கியிருப்பார்கள். வாங்க வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, எங்க பாட்டி வீட்டுல இப்படி ஒன்னு இருந்துச்சு என்பார்கள். எங்கள் பாட்டி வீட்டில் இருந்தது எதுவும் அந்தக் கடைகளில் கிடையாது. வாய் உடைந்த சட்டிக்கும் நசுங்கின குண்டானுக்கும் யார் விலை போடுவார்கள்?

நானும் பாத்திரம் சேர்க்கிறேன். கதிர்காமத்தில் எங்கள் வீட்டு நடையில், பழைய கதவுப் பலகையில் அண்ணன் அடித்துக் கொடுத்த ஸ்டாண்டில் இன்றைக்கு இருபத்து மூன்று சாமான்கள் இருக்கின்றன. கருவாட்டுக் குழம்பு வைத்து வைத்துக் கறுத்த மண்சட்டி. தாத்தா மில்லுக்குச் சோறு கொண்டுபோன தூக்கு. ஆயாவின் அலுமினியக் குண்டான். நீலக்கரை போட்ட எனாமல் தட்டு இரண்டு; எங்கள் பக்கம் அதையும் பீங்கான் என்றுதான் சொல்வோம். பூச்சு பேர்ந்த இடத்தில் இரும்பு கறுப்பாகத் தெரியும். பூப்போட்ட அசல் பீங்கான் தட்டு ஒன்று, நடுவில் கீறலோடு. மற்றதெல்லாம் எவர்சில்வர். பார்க்க வருகிற தோழர்கள் சிலர், ‘என்ன தோழர், மியூசியம் வைக்கிறீங்களா’ என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மண்சட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மண்சட்டிக் குழம்பின் ருசி பற்றி இப்போது ஊரே பேசுகிறது. பெரிய ஓட்டல்களில் மண்சட்டிக்கென்று தனி விலை வாங்குகிறார்கள். எங்கள் வீட்டுக்கு மண்சட்டி வந்தது ருசிக்காக இல்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக்கூடாது, ஆண்கள் சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது என்று போகிற அந்தப் பட்டியலில் ஒன்று, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது என்பது. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு, பித்தளைக் குடம் கூடாது; தலையில் சும்மாடு வைக்கத் துணி கூடாது, வைக்கோல்தான் வைக்க வேண்டும் என்பதுவரை எழுதினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஹட்டன், ‘இந்தியாவில் சாதி’ என்ற தன் ஆங்கில நூலில் இதையெல்லாம் வரிசையாகப் பதிந்திருக்கிறார். ஒரு பொம்பளை தலையில் வைக்கிற சும்மாட்டைக்கூட விடாமல் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்! எங்கள் ஊருக்கும் இராமநாதபுரத்துக்கும் வெகுதூரம். ஆனாலும் ஆயா சொன்ன கதைகளில் பித்தளைக் குடம் வாங்கின வீட்டைப் பார்த்து, ‘பறச்சிக்குப் பித்தளை கேக்குதா’ என்று கேட்ட வாய்கள் உண்டு. எழுதி வைக்காத தடைக்கு ஆயுள் அதிகம்.

பாத்திரத்தில் சாதி இருக்கிறது என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறியதே, அதன் நான்காம் பிரிவு, உணவுக்கடையில் பொதுமக்களுக்காக வைத்திருக்கிற பாத்திரங்களைத் தீண்டாமையின் பேரால் ஒருவர் புழங்க விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. தம்ளருக்காகச் சட்டம் போட்ட தேசம் இது. அந்தச் சட்டத்துக்குப் பிறகும் டீக்கடையில் இரட்டைத் தம்ளர் இருந்தது. இப்போது பல கடைகளில் காகிதக் கப் வந்துவிட்டது. குடித்துவிட்டுக் கசக்கிப் போட்டால் யார் குடித்தது என்ற கேள்வியே இல்லை என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று கண்ணாடி தம்ளரில் குடிப்பவர் யார் என்று பார்த்துவிட்டுச் சந்தோஷப்படலாம்.

பூப்போட்ட பீங்கான் தட்டு ஆயாவுக்கு வந்த கதை வேறு. ஆயா கல்யாணத்துக்கு முன்னே டவுனில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல்கட்டு வேலைக்குப் போனாள். ஐரோப்பியர் வீட்டு அடுப்படி பெரும்பாலும் நம் சனங்களின் கையில்தான் இருந்தது; மாட்டுக்கறியைத் தொட மற்றவர்கள் வரமாட்டார்கள் என்பதுதான் காரணம். தீட்டு நமக்கு ஒரு பிழைப்பைத் திறந்துவிட்டது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான மாற்றமும் முடிந்தது. இதற்கு நடுவில் ஒருநாள் அந்தக் குடும்பம் மூட்டை கட்டியது. கீறல் விட்ட தட்டைக் கப்பலில் ஏற்றுவானேன் என்று ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

‘தொர வூட்டுல அவங்க தின்ற தட்டுலயே நமக்கும் போடுவாங்க பாப்பா’ என்பாள் ஆயா. கொஞ்சம் பொறுத்து, ‘ஆனா பின்கட்டுல ஒக்காந்துதான் தின்னணும்’ என்பாள். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் முதல் வாக்கியத்தை மட்டும் அவள் சொன்னதே கிடையாது. பிரெஞ்சு ஆட்சியில் சாதி இல்லை என்று பேசுகிற ஆட்களை நான் கூட்டங்களில் பார்க்கிறேன். இதே புதுச்சேரியில் மாதா கோயிலுக்குள்ளேயே பறையருக்கும் மற்றக் கிறித்தவருக்கும் நடுவில் சுவர் இருந்தது. அதை எதிர்த்துப் பறையர்கள் முறையிட்டதையும் சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

எம்.ஏ. படிக்கும்போது மணிமேகலை பாடம். தமிழ் இலக்கியத்திலேயே பேர்பெற்ற பாத்திரம் அமுதசுரபி. அது யாருடையது? வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவிழ்த்துக்கொண்டு போனதற்காக அடிபட்டு, ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஆபுத்திரனுடையது. திருவோட்டில் வாங்கினதைக் குருடர், செவிடர், முடவருக்கெல்லாம் ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தின்றவன். வகுப்பில் இந்தக் கதையை அருள், அறம் என்று நடத்தி முடித்துவிட்டார்கள். துரத்தப்பட்டவனின் ஓடு என்று யாரும் நடத்தவில்லை.

ஸ்டாண்டில் இல்லாத ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரட்டைத் தம்ளர் எதிர்ப்பு வேலையாக விழுப்புரம் பக்கம் கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் தன் கொட்டாங்குச்சியை எனக்குக் கொடுத்தார். பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டாயில் செருகி வைத்திருந்து முப்பது வருஷம் காப்பித்தண்ணி வாங்கிக் குடித்தது. விரல் பட்டுப் பட்டு வெளிப்புறம் கருங்காலி மாதிரி வழவழவென்று இருக்கும். நான் அதைக் கழுவித் துடைத்து நடுத்தட்டில் வைத்தேன். அம்மா சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

‘இத எதுக்குடி நடுவூட்டுல வெச்சிருக்க?’

‘சாட்சிம்மா. நாளைக்கு இப்படியெல்லாம் நடக்கவே இல்லன்னு சொல்லுவாங்க.’

‘யாருக்குடி சாட்சி? வூட்டுக்கு வர்றது நம்ம சனம். அதுங்களுக்குத் தெரியாதா? எங்கம்மா பட்டையில வாங்கிக் குடிச்சா. நான் சின்னப்புள்ளையில இதுலதான் வாங்கிக் குடிச்சேன். குடிச்ச நான் சொல்றேன், இது இங்க இருக்கக்கூடாது.’

நான் வரலாறு, ஆவணம் என்று என்னென்னவோ பேசினேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ‘அத எவன் வூட்டுல குடுத்தானோ அவன் வூட்டு நடையில கொண்டுபோயி வையி’ என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அதைச் சேர்த்து வைக்க வேண்டிய வீடு எங்கள் வீடா? கொட்டாங்குச்சி இப்போது என் துணிப்பையில் இருக்கிறது. கூட்டங்களுக்கு எடுத்துப் போகிறேன், சாதி இந்துக்கள் வருகிற கூட்டம் என்றால் கட்டாயம். கையிலிருந்து கைக்கு அனுப்பச் சொல்கிறேன். சிலர் வாங்காமல் அடுத்தவரைக் காட்டுகிறார்கள்.

அம்மாவுக்குப் பிடித்தது எவர்சில்வர். நான் அதைப் பழம்பொருள் கணக்கில் சேர்க்கவே யோசித்தேன். அம்மாதான் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கிறது, தேதியோடு. கல்யாணச் சீர், வளைகாப்பு, அண்ணனுக்குக் காதுகுத்து, நான் பத்தாவது பாஸ் செய்ததற்கு மாமா வாங்கிக் கொடுத்த தட்டு. பண்ணையில் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது, ‘ஏய்’, ‘இவளே’தான். உளியை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டிப் பாத்திரக் கடைக்காரர் அவள் பேரை முழுசாக வெட்டிக் கொடுத்த தம்ளரை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாளாம். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டினதும் அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததுமான ஓடுகளில் பிராமி எழுத்தில் பேர் கீறினவை உண்டு. நம்முடையது பாத்திரம் என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கும் பேர் வெட்டியிருக்கிறார்கள். அதைப் படிக்கப் பண்டிதர்கள் வருகிறார்கள். அம்மாவின் தம்ளரைப் படிக்க நான் இருக்கிறேன்.

இனி சமையல். ஆயா 2014இல் செத்துப்போவதற்கு முன்னால் அவள் பக்குவங்களை ஒரு நோட்டில் எழுதினேன். உப்புக்கண்டம் முதல் பக்கம். மாட்டுக்கறியைக் கொழுப்பு நீக்கி விரல் தடிமனுக்கு நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் கயிற்றில் கோர்த்து வெயிலில் கட்டுவது. காக்காய்க்குக் காவல் நான்தான். நன்றாகக் காய்ந்ததும் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களுக்கு அதுதான் சோறு. நசுக்கி, கத்தரிக்காயோடு குழம்பு. நான் படிக்கப் போன ஊரில் வாடகைக்கு வீடு கேட்டால், ‘கறி சமைப்பீங்களா, என்ன கறி’ என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியில் சாதியைத் தெரிந்துகொள்வார்கள். மராத்தியில் ஷாகு பட்டோலே மராத்வாடா தலித் சமையலைப் பற்றி 2015இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். தமிழில் அப்படி எழுத நமக்கு எத்தனையோ ஆயாக்கள் இருந்தார்கள்.

அடுத்தது வடகம். பிரெஞ்சுக்காரர்கள் நம் வடகத்தைப் பார்த்துத் தங்களுக்கு ஒரு பொடி செய்துகொண்டார்கள். ‘வதுவான்’ என்ற பேரில் பிரான்சில் விற்கிறது. ஆயா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். அவள் சொன்ன பக்குவம் இது: ‘குண்டானுல முக்காவாசி வெங்காயம், ரெண்டு கை பூண்டு, ஒரு கை உளுந்து, அதுல பாதி கடுகு, சீரகம், அதுலயும் பாதி வெந்தயம்.’ இடித்து, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு போட்டு ஒரு ராத்திரி மூடி வைத்து, காலையில் முறத்தில் பரப்பி, சாயங்காலம் அதே குண்டானில் அள்ளிப் போட்டு, ஊறி நிற்கிற சாறோடு பிசைந்து உருட்டுவது. வாசனை உள்ளே இறங்கும்வரை தினம் இப்படி. கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைப்பது. நோட்டில் ஒழுங்காக எழுதிவிட்டேன். அண்ணி அதைப் பார்த்துச் செய்தபோது கசந்தது. குண்டான் முக்காவாசி என்றால் எந்தக் குண்டான்? அவள் எடுத்தது புதுசு, சின்னது. வெங்காயம் குறைந்து வெந்தயம் மிஞ்சிவிட்டது. ஆயாவின் குண்டானை இறக்கி, லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி அளந்தோம். விளிம்புவரை மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முக்கால் என்று ஆயா சொன்னது ஒரு நசுங்கலின் மேல்விளிம்பு. அதுவரை இரண்டே கால். அந்த நசுங்கலைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று ஈயம் பூசுகிறவர் ஒருமுறை கேட்டாராம். ஆயா விடவில்லையாம்.

போன பங்குனியில் அம்மாவே அந்தக் குண்டானைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பாத்திரக் கடைக்குக் கிளம்பினாள். ஆயாவின் பேர் எந்தச் சாமானிலும் இல்லை, அதை வெட்டி வாங்க வேண்டும் என்றாள். நானும் கூடப் போனேன். இப்போது உளி இல்லை, மெஷின். கடைப் பையன் குண்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘அலுமினியம், பழசு, இதுல எதுக்குக்கா காசு செலவு பண்றீங்க’ என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேரை எழுதிக் கொடுத்தாள். இனிஷியல் என்ன என்று கேட்டான், அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா?

‘ஒன்னும் வேணாம். பேரு மட்டும் போடு தம்பி. உள்பக்கம், இந்த நசுங்கல் வந்து முடியுது பாரு, அங்க ஒரு கோடு.’