ஆசியன் டவுனில் ஒரு கோல்

டோஹா, 10 டிசெம்பர் 2022



கொழும்பு பம்பலப்பிட்டி வஜிரா வீதித் தம்பி ஒருவர் கட்டாரில் வேலை செய்யும் அண்ணனைப் பார்க்க வந்திருக்கிறார். உலகக்கிண்ண உதைபந்தாட்டத்தின் முதற்சுற்று ஆட்டமொன்றுக்கு எடுத்த டிக்கெட்டும் ஹையா என்ற நுழைவு அட்டையும்தான் அவரை உள்ளே விட்டன. அந்த அட்டை இருந்ததால் மெட்ரோவுக்கும் காசில்லை. இன்று மொரோக்கோவும் போர்த்துக்கலும் மோதும் காலிறுதி. அதற்கு டிக்கெட் இல்லை. ஆகவே பகல் முழுக்க ஊர் சுற்றினார்.

காலையில் சூக் வாகிஃப். 2003இல் எரிந்து, பிறகு பழைய பாணியிலேயே மண்பூச்சும் மரச்சட்டமுமாகத் திருப்பிக் கட்டிய சந்தை. வல்லூறு விற்கிற கடைகள்கூட அங்கே உண்டு. ஆனால் இன்று சந்தை மொரோக்கோக்காரர் கையில். சிவப்புச் சட்டையும் மேளமுமாக, “சீர், சீர்” என்று ஒரே குரலில் முழங்கினார்கள். “போ, போ” என்று தங்கள் அணியை உந்துகிற சொல். ஆடிவேல் தேர் காலி வீதியால் கதிரேசன் கோவிலுக்கு வரும்போது கூட்டம் ஆளைத் தூக்கிக்கொண்டு போகுமே, தம்பிக்கு அந்த நினைப்புத்தான் வந்தது.

பிறகு கடலை நிரப்பி உருவாக்கிய தீவில் நிற்கும் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். ஐ.எம்.பெய் வடிவமைத்தது. 2008இல் அது திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 91.

மாலை ஆறு மணி ஆட்டத்துக்கு அண்ணன் கூட்டிப்போன இடம்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். நகரத்தை விட்டு விலகி, இண்டஸ்ட்ரியல் ஏரியாப் பக்கம், ஆசியன் டவுன். அங்குள்ள கிரிக்கெட் மைதானத்தில் பெரிய திரை கட்டி, தொழிலாளருக்கு இலவசமாக ஆட்டம் காட்டினார்கள். நேபாளம், வங்காளதேசம், கேரளம், தமிழ்நாடு, நம்ம இலங்கை என்று வேலை முடித்து வந்தவர்கள் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். 42ஆவது நிமிடம் யூசுஃப் என்-நெசிரி எம்பித் தலையால் முட்டி கோல் போட்டதும் மைதானமே எழும்பிவிட்டது. பிற்பாதியில் ரொனால்டோ இறங்கியும் போர்த்துக்கலால் ஈடுகட்ட முடியவில்லை. 1-0. உலகக்கிண்ண அரையிறுதிக்கு வந்த முதல் ஆபிரிக்க நாடு மொரோக்கோ.

அண்ணன் லுசைல் மைதானத்தில் சாரம் கட்டியவர். 88,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த மைதானத்தில்தான் 18ஆம் திகதி இறுதியாட்டம். அதையும் அவர் இந்தப் புல்லில் இருந்துதான் பார்ப்பார்.

திரை போட்டது நல்ல காரியம், ஆனால் அது போதாது. கட்டாரில் 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால். 2010க்குப் பின்னான பத்தாண்டில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்காளதேசம், இலங்கையிலிருந்து வந்தவர்களில் 6,500க்கும் அதிகமானோர் இங்கே இறந்ததாக ‘கார்டியன்’ நாளிதழ் 2021இல் எழுதியது. எல்லோரும் மைதான வேலையில் இறந்தவர்கள் அல்லர். ஆனால் பலருடைய மரணச் சான்றிதழில் ‘இயற்கை மரணம்’ என்றே இருக்கிறது. ஏன் இறந்தார் என்று ஊரில் இருக்கும் தாய்க்குச் சொல்ல, அதில் வேறு ஒரு சொல்லும் கிடையாது.

2022இல் நம் நாட்டிலிருந்து இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது புறப்பட்டால், வேலை ஒப்பந்தத்தின் பிரதியொன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.