தட்டிப் பார்த்த சக்கரம்

காலை ஆறு மணிக்கே தச்சுப் பெரியவர் சுத்தியலோடு வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். முதல் சக்கரத்தில் ஒரு தட்டு. 'டங்' என்றது. இரண்டாவதும் 'டங்'. மூன்றாவது 'டொக்' என்றது. குனிந்து, இரும்புப் பட்டாவுக்கும் மரத்துக்கும் நடுவே நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் உள்ளே போனது. "இன்னைக்கு இது நமக்கு வேலை வைக்கும்" என்றார்.

இடம், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மேற்குக் கோடி. நார்த் பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கு. தெற்கே சிம்னி ராக் என்கிற பாறை, புற்றின் மேல் உலக்கையை நட்டுவைத்ததுபோல நிற்கிறது. மேற்கே குடியேற வண்டி கட்டிக்கொண்டு ஓரிகன் தடத்தில் போனவர்களின் நாட்குறிப்புகளில் இந்தப் பாறையைப் போல அடிக்கடி வருகிற அடையாளம் வேறில்லை. 1843-ல் சுமார் 1,000 பேர் பெருங்கூட்டமாகக் கிளம்பினார்கள். 1869-ல் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை இணைவதற்குள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து மேற்கே போய்விட்டார்கள். ஓரிகன் வரை 3,200 கிலோமீட்டருக்கு மேல். நாலிலிருந்து ஆறு மாத நடை. அதே தடத்தில் சுற்றுலாவாகப் போக நான் பணம் கட்டியிருந்தது மூன்று நாளுக்கு.

வந்து இறங்கியதும் எனக்கு ஏமாற்றம்தான். ஐந்து கூண்டு வண்டிகள் நின்றன. வெள்ளைக் கித்தான் கூரை, வளைத்த மரச் சட்டங்கள், பெல்ஜியன் இனத்துப் பெரிய குதிரைகள், எல்லாம் படத்தில் பார்த்தபடியே. கீழே குனிந்தால் நான்கு வண்டிக்கு ரப்பர் டயர்! பயணிகளின் முதுகெலும்புக்காக என்றார்கள். ஐந்தாவது வண்டி மட்டும் மரச் சக்கரம், அதற்கு ஒரு ஜோடி எருது. நான் அந்த வண்டிக்கே பெயர் கொடுத்தேன். அதில் யாரும் ஏறி உட்காருவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து வண்டி சரக்குக்கானது. ஆளுக்கு 90 கிலோ மாவு, 68 கிலோ உப்பிட்ட பன்றிக்கறி என்று அன்றைய வழிகாட்டி நூல் கணக்குச் சொன்னது. ஒரு குடும்பத்துக்கு இதை ஏற்றினால் மிச்ச இடத்தில் பாத்திரமும் படுக்கையும் வைக்கவே சரியாக இருக்கும். வண்டிக்கு வில் கிடையாது. உடம்புக்கு முடியாதவர்களும் கைக்குழந்தைகளும் தவிர, பெரும்பாலோர் நடந்தே போனார்கள். நானும் நடந்தேன்.

எருது ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். கயிறு, கடிவாளம் எதுவும் இல்லை. மாடுகளின் இடப்பக்கமாக நடந்தபடி வாயாலேயே ஓட்டினார். 'ஜீ' என்றால் வலம், 'ஹா' என்றால் இடம். நாம் பூட்டாங்கயிறு போடும் இடத்தில், நுகத்தடியிலிருந்து வளைத்த மரக்கொம்பு ஒன்று மாட்டின் கழுத்தைச் சுற்றி வருகிறது. இடத்து மாட்டை வலத்துக்கு மாற்றினால் இங்கேயும் மாடு முரண்டு பிடிக்குமாம். அன்றைக்குப் பலர் குதிரையை விட்டு எருதைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர் சொன்ன காரணம் சிக்கனமானது: விலை குறைவு, கிடைத்த புல்லைத் தின்னும், அவ்வளவாகத் திருடுபோகாது.

மதியம் வெயில் ஏறியதும் அந்த மூன்றாவது சக்கரம் முனக ஆரம்பித்தது. இந்தப் பள்ளத்தாக்கின் காற்றில் ஈரமே இல்லை. மரம் காய்ந்து சுருங்கும், இரும்பு சுருங்காது. பட்டா கழன்று உருண்டு போனால் வட்டை என்கிற மர விளிம்பு சிதறிவிடும். பெரியவர் வண்டியை நிறுத்தி, பட்டாவின் இடுக்கில் மர ஆப்புகளை அடித்தார். சாயங்காலம் கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைக் கழற்றி, ஓடைத் தண்ணீரில் கிடத்தினோம். 170 வருஷத்துக்கு முன்னால் இதே பள்ளத்தாக்கில் செய்த அதே வைத்தியம்.

"ஒரு ராத்திரிக்குத்தான் இது தாங்கும்" என்றார். ஊறிய மரம் இரும்புக்குள் இறுகி நசுங்குமாம். மறுபடி காயும்போது முன்னைவிட அதிகமாகச் சுருங்கிவிடுமாம். ஊறவைப்பது கடன் வாங்குவது மாதிரி. சரியான வழி பட்டாவைக் கழற்றி, குறுக்கி, மறுபடி போடுவதுதான்.

எப்படி என்று அன்றிரவு கணப்பருகே விளக்கினார். சக்கரத்தின் நடுவில் உள்ள குடம் எல்ம் மரம், எளிதில் பிளக்காது. ஆரக்கால் ஓக், வட்டை ஆஷ். முன் சக்கரத்துக்கு 12 ஆரக்கால், பின் சக்கரத்துக்கு 14. பையிலிருந்து கைப்பிடி வைத்த சின்னத் தகட்டு உருளை ஒன்றை எடுத்தார். அதை மரச் சக்கரத்தின் விளிம்பில் ஓட்டி எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். பிறகு பட்டாவின் உட்பக்கம் ஓட்டி எண்ண வேண்டும். இரும்பின் சுற்றளவு மரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். நெருப்பில் காய்ச்சினால் பட்டா விரியும், மாட்டி உடனே தண்ணீர் ஊற்றினால் இறுகும். அந்த உருளைக்கு ஆங்கிலத்தில் 'டிராவலர்' என்று பெயர். பயணி! கூட்டத்தில் மற்ற பயணிகள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காலத்தில் காட்டெருமைச் சாணத்தை எரித்துச் சமைத்த கதையை இன்னொருவர் சொல்ல, அவர்கள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். விராட்டி பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் என்ன அதிசயம்?

கதை சொன்னவர் ஒன்றை விட்டுவிட்டார். இந்தத் தடத்தில் போன கால்நடைகள் ஆற்றோரப் புல்லை மொட்டையடித்தன, காட்டெருமைக் கூட்டம் விலகிப் போனது. பசி லகோட்டா, ஷையன் மக்களின் தலையில் விழுந்தது. 1851-ல் லாரமி கோட்டையில் அமெரிக்க அரசு அவர்களோடு ஒப்பந்தம் எழுதியது, பிறகு அதையும் மீறியது. கணப்பருகே மூன்று இரவு உட்கார்ந்தும் அந்த மக்களைப் பற்றி ஒரு வாக்கியம்கூட வரவில்லை என்பது எனக்குக் குறையாகவே பட்டது.

இந்தப் பெரியவருக்குப் பின் இந்த வண்டியைப் பார்க்க ஆள் இல்லை. சக்கரம் செய்யும் ஆமிஷ் தச்சர்கள் ஒஹையோ, பென்சில்வேனியா பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அங்கே எழுதிப் போட்டு வாங்கலாம். ஆனால் தட்டிப் பார்த்து 'டொக்' கேட்க ஒரு காது கூடவே நடந்து வர வேண்டும்.

இப்படியொரு பயணத்துக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: சக்கரம் மரமா, ரப்பரா? மரம் என்றால் நல்ல செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள், நடக்கத்தான் போகிறீர்கள்.