நெல் எங்கட, தராசு ஆருட?

படுவான்கரையில் வெட்டு மெசின் வயலை விட்டு ஏற முதலே வியாபாரியின் லொறி வந்து நின்றுவிடும். ஒரு பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "ஈரம் கூட" என்பார். அந்த ஒரு சொல்லோடு விலை இறங்கும்.

போன பெரும்போகம் கம்பஸ் லீவில் நாங்கள் மூன்று பேர், மூவரும் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள், எங்களில் ஒருவனின் வயலில் நின்றோம். "ரெண்டு கிழமை காயப்போட்டு வித்தா என்னப்பா?" என்று கேட்டோம். "ஈரநெல்ல எங்க மனே வைக்கிற? மெசின்காரனுக்கு இண்டைக்கே காசு குடுக்கணும்" என்றார் அவனுடைய அப்பா. எங்கள் மூன்று வீட்டிலும் இதே பதில்தான்.

உத்தரவாத விலை இல்லையா என்று கேட்கலாம். 2025 பெப்ரவரி 5-இல் நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. கிழக்கில் அறுவடையோ ஜனவரியிலேயே தொடங்கிவிடும். அந்த விலையும் 14 வீத ஈரப்பதத்துக்கு உட்பட்ட நெல்லுக்குத்தான். மெசின் கொட்டும் நெல்லில் ஈரம் அதைவிடக் கூட. ஆக, காயவைக்கக் களமும் பூட்டிவைக்கக் களஞ்சியமும் எவரிடம் இருக்கோ, விலை அவருக்குத்தான். எங்கட நெல் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போய், அரிசியாகி, எங்கட கடைக்கே திரும்பி வருகிறது.

இது புதுக்கதையும் இல்லை. முந்திப் போடியாரிடம் வயலும் இருந்தது, நெல் வைக்க இடமும் இருந்தது. அவருக்குக் கீழே வயல் செய்தவரிடம் இரண்டும் இல்லை. இன்றைக்குப் பலரிடம் வயல் இருக்கிறது, இடம்தான் இல்லை.

1971-இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்தபோது நெல் வாங்கும் உரிமை முழுக்க அதனிடம் இருந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் அதற்காக வாங்கின. 1977-க்குப் பிறகு தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். கொடுத்ததும் எடுத்ததும் கொழும்புதான். கனடாவின் கோதுமைச் சபையில் 15 இயக்குநர்களில் 10 பேரை விவசாயிகளே தெரிவு செய்தார்கள். அங்கேயும் 2012-இல் அரசாங்கம் அந்தச் சபையின் தனியுரிமையை நீக்கியது. 2015-இல் பெரும்பான்மைப் பங்கு ஒரு பன்னாட்டுக் கம்பனிக்கும் சவூதி முதலீட்டுக்கும் போனது. விவசாயியிடம் வாக்கு இருந்தது, சொத்து இருக்கவில்லை.

அதனால்தான் "சபையைப் பலப்படுத்து" என்ற கோரிக்கையோடு மட்டும் நிற்க எங்களுக்கு மனமில்லை. எங்கட வட்டையின் கமக்கார அமைப்புக்குச் சொந்தமாக ஒரு சீமெந்துக் களம், ஒரு களஞ்சியம், ஈரம் பார்க்கும் ஒரு கருவி வேணும். மெசின் கூலி கொடுக்க, நெல்லை ஈடாக வைத்து எடுக்கும் சின்னக் கடனும் வேணும். இது இல்லாமல் களம் இருந்தும் பிரயோசனமில்லை.

வாற கூட்டத்தில் இதைக் கேட்கப் போறோம். "படிச்ச பொடியன்மார் வந்துட்டானுகள்" என்று சிரிப்பார்கள்தான். சிரிக்கட்டும். லொறி வர முதல் இதைப் பேசி முடிக்கணும்.