சித்திரையில் குழி, மழையில் கன்று: கோவை வேளாண் பல்கலைக்கழகத் தோட்டத்தில் ஒரு நாள்

கொங்கு நாட்டில் 'தோட்டம்' என்றால் பூந்தொட்டி வைத்த இடம் இல்லை. கிணறும் பாசனமும் உள்ள நிலத்துக்குத்தான் அந்தப் பெயர். மழையை நம்பிய மானாவாரி நிலத்துக்குப் பெயர் 'காடு'. தோட்டம் உள்ளவர்கள், காடு மட்டும் உள்ளவர்கள், இரண்டும் இல்லாமல் மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள் என எல்லோரும் விதைக்கும் கன்றுக்கும் வந்து நிற்கும் ஓர் இடம் கோவையில் இருக்கிறது. மருதமலைக்குப் போகும் வழியில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான் அது.

1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளியாகத் தொடங்கியது, 1906-ல் கோவைக்கு இடம் மாறியது. 1971-ல் பல்கலைக்கழகமானது. பக்கத்திலேயே 1912-ல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம். வயல் கரும்பையும் காட்டு நாணல் கரும்பையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய 'கோ 205' என்ற ரகம் இங்கிருந்துதான் 1918-ல் வட இந்தியாவுக்குப் போனது. ரகப் பெயர்களின் முன்னால் வரும் 'கோ' என்ற எழுத்து கோயம்புத்தூரைக் குறிக்கிறது. விதைப் பாக்கெட்டில் அந்த எழுத்தைப் பார்க்கும் பலருக்கு இது தெரிவதில்லை.

விதை வாங்கும் இடம்

மாசி, பங்குனி பிறந்துவிட்டால் தாவரவியல் பூங்காவில் கூட்டம் கூடும். மலர்க் கண்காட்சி நடக்கும் ஆண்டுகளில் சாலை வரை வண்டிகள் நிற்கும். பூங்கா வாசலில், 10 ரூபாய் செலுத்தினால் காய்கறி விதைப் பாக்கெட் தரும் தானியங்கி இயந்திரத்தையும் பல்கலைக்கழகம் அமைத்தது. கத்திரி, வெண்டை, கீரை விதைகளைப் பிள்ளைகளே பட்டனை அழுத்தி எடுக்கலாம் என்பதால், வீட்டுத் தோட்டத்துக்கு அது நல்ல தொடக்கம்.

விவசாயிகள் தேடுவது வேறு. தொண்டாமுத்தூர், கிணத்துக்கடவு, பொங்கலூர் பக்கம் சின்ன வெங்காயம் போடுபவர்களுக்குப் பெரிய செலவே விதைக் காய்தான். ஏக்கருக்கு ஏறத்தாழ 600 கிலோ காய் வேண்டும். விலை ஏறிய ஆண்டில் விதைக் காய்க்கே கடன் வாங்க வேண்டியிருக்கும். அறுவடை நேரத்தில் விலை சரிந்தால் அந்தக் கடன் அப்படியே நிற்கும். பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கோ 5' ரகம் பூத்து விதை பிடிக்கும். அதை நாற்று விட்டு நடலாம். ஏக்கருக்கு ஒன்றிரண்டு கிலோ விதை போதும். நாற்றங்கால் பராமரிப்பும், நடவுக்கு ஆள் கூலியும் கூடும். ஆனால், மூட்டை மூட்டையாகக் காய் வாங்கி, அதில் பாதி அழுகிப்போகும் பயம் இல்லை.

எந்த விதையாக இருந்தாலும் பாக்கெட்டை அப்படியே நிலத்தில் கொட்டுவது நல்லதல்ல. 100 விதையை எண்ணி, ஈரத் துணியில் சுருட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து எத்தனை முளைத்தது என்று பார்த்தால் போதும். மிளகாய், கத்திரிக்கு இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். மாரியம்மன் நோம்பிக்கு முளைப்பாரி போட்ட நம் பாட்டிமார் செய்ததும் இதே சோதனைதான். யார் வீட்டுத் தானியம் செழிப்பாக முளைத்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

கன்று வாங்க அவசரம் வேண்டாம்

பழப்பண்ணையில் மா, கொய்யா, சப்போட்டா ஒட்டுக் கன்றுகளைப் பார்த்ததும் கை பரபரக்கும். சித்திரையில் வாங்கிப் போய் நட்டுவிட்டு, வைகாசியில் காய்ந்த குச்சியைப் பிடுங்குபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. காரணம் வெயில் மட்டுமல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று கோவைக்குள் நுழைகிறது. மலையடிவாரத்துத் தொண்டாமுத்தூருக்குச் சாரலும் சேர்ந்து வரும். கிழக்கே சூலூர், பல்லடம் போகப் போகக் காற்றுதான் மிச்சம். இலை வழியாகப் போகும் நீரை இளம் வேர் ஈடு கட்ட முடியாமல் கன்று வாடிவிடுகிறது.

அதனால் சித்திரை, குழி எடுக்கும் மாதம். மாமரத்துக்கு மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, சில வாரம் வெயிலில் ஆறப்போட வேண்டும். மண்ணில் உள்ள புழு, பூச்சிகள் குறையும். கோடை மழை ஒன்றிரண்டு பெய்ததும் மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரம் கலந்து மூடி வைக்கலாம். கிணற்றில் நீர் உள்ளவர்கள் ஆடியில் நடலாம். காட்டில் நடுபவர்கள் புரட்டாசி, ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது நல்லது. கோவைக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவமழைதான்.

கன்று எடுக்கும்போது ஒட்டுப் பகுதி நன்றாக இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைக்குள் வேர் சுருண்டு, அடியைத் துளைத்து வெளியே வந்த முதிர்ந்த கன்று வேண்டாம். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரைக் கிள்ளாமல் விட்டால், சில ஆண்டுகளில் மேலே உள்ள நல்ல ரகம் போய், அடிக்கன்றே மரமாக நிற்கும். காற்றுக்கு எதிர்ப்புறம் சாய்வாக ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டினால் ஆடிக் காற்றைத் தாங்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு பூச்சிக்கூடம்

கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி வருபவர்கள் பூச்சிகள் அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. 2018-ல் திறக்கப்பட்டது. வண்ணத்துப்பூச்சியும் வண்டும் பார்த்து வாய் பிளக்கும் பிள்ளைகளுக்கு, அசுவினியைத் தின்னும் பொறிவண்டு எது, இலையைத் தின்னும் வண்டு எது என்று அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம். வீட்டுக்குப் போய் வெண்டைச் செடியில் பொறிவண்டைப் பார்க்கும் பிள்ளை, மருந்தடிக்க வரும் அப்பாவைத் தடுத்து நிறுத்தினால், வந்த செலவு கழிந்துவிடும்.

பேரூர் வரை

பல்கலைக்கழகத்திலிருந்து சில கிலோமீட்டரில் நொய்யல் கரையில் பேரூர். பட்டீசுவரர் கோயிலில் ஆனி மாதம் நாற்று நடவுத் திருவிழா நடக்கும். சிவனும் பார்வதியும் பள்ளர், பள்ளி வேடத்தில் வயலில் நாற்று நட்டார்கள் என்பதும், ஒளிந்திருந்த இடத்தைச் சுந்தரருக்குக் காட்டிக்கொடுத்த நந்தியைச் சிவன் மண்வெட்டியால் அடித்தார் என்பதும் தலபுராணம். சாமியே சித்திரையை விட்டு ஆனி வரை காத்திருந்துதான் சேற்றில் இறங்குகிறார். இன்று பேரூர்ச் சுற்றில் வயல்கள் வீட்டுமனைகளாக மாறிவருகின்றன. மிச்சமுள்ள வயலில் அந்த ஒரு நாள் நாற்று முடியைக் கையில் வாங்கி நடும் பிள்ளைகளுக்கு, நெல் எங்கிருந்து வருகிறது என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.